முதலில் டாக்டர், அப்புறம் தியானம்: வேலூர்ப் பக்கம் குடியை விட நினைப்பவருக்கு

காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறீர்களா? கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று கால்வாசி டீயைக் கீழே கொட்டிவிட்டு, தளும்பாது என்று தெரிந்த பிறகு வாய்க்குக் கொண்டுபோகிறீர்களா? நான் அப்படித்தான் நாலு வருஷம் டீ குடித்தேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ராத்திரி கையில் பஸ் காசு இருக்காது. குடியை விட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது, கடைசியாகக் குடித்து ஏழு வருஷம். நடுவில் அந்த இரண்டு வருஷம் எங்கே போனது என்று பின்னால் சொல்கிறேன்.

புத்தர் வழியில் உட்கார்ந்து, கூட நாலு பேர் துணையோடு குடியை விடலாம் என்று கேள்விப்பட்டு இப்போதெல்லாம் நிறைய பேர் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நாங்கள் கூடுகிற வீட்டு மாடிப்படியில் நின்று சொல்வதையே இங்கே எழுதிவிடுகிறேன். குடி என்றுதான் எழுதப்போகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அது. கஞ்சா, மாத்திரை, ஹான்ஸ், போனில் ரம்மி எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இதே பாதைதான்.

நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்

இதைக் கேட்டால் உங்கள் வீட்டில் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் தினமும் குடிக்கிற உடம்பு, அதிலும் காலையில் கண் விழித்ததுமே கேட்கிற உடம்பு, சட்டென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. கடைசி கிளாஸிலிருந்து 6 மணி நேரம் போனாலே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் மாலை போடுவதற்காக ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு என்று துடைப்பத்தை எடுத்துச் சுவரைப் பெருக்கிக்கொண்டிருந்தார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். குடி நின்றதில் மூளை போட்ட ஆட்டம் அது, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும். வழியில் பார்த்த ஒரு நர்ஸம்மா ஆட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டதால் அவர் பிழைத்தார்.

அதனால் முதல் படி டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருக்கிறோம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ போன் போடுங்கள், இரண்டும் இலவசம். மனநலப் பிரிவு என்றதும் பயந்துகொள்ளாதீர்கள், பைத்தியம் என்று யாரும் எழுதி ஒட்டமாட்டார்கள்.

போய் உட்கார்ந்ததும் உண்மையைச் சொல்லுங்கள். நான் முதல் தடவை "எப்பவாவது ஒரு கட்டிங் சார்" என்றேன். தினம் மூன்று குவாட்டர் போய்க்கொண்டிருந்தது. நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையின் அளவை டாக்டர் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார், நாம் அளவைக் குறைத்துச் சொன்னால் கஷ்டப்படப்போவது நாம்தான். கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள், இந்த மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் குடிகாரர் உடம்பில் வற்றிப்போயிருக்கும், அதை ஊசியாகப் போடுவார்கள். அது இல்லாமல் தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவது மூளைக்கு ஆபத்தாக முடியலாம்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. சிலவற்றில் டைசல்பிராம் இருக்கும். அது நல்ல மருந்துதான், ஆனால் குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே சரக்கை ஊற்றினால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். அதேபோல மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டிய இடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு கட்டாயம். அடித்துத் திருத்துகிறோம் என்கிற இடத்தில் நான் 22 நாள் இருந்திருக்கிறேன், வெளியே வந்த அன்றைக்கே குடித்தேன்.

நடுக்கம் இருக்கும்வரை தியானம் எல்லாம் வேண்டாம். சாப்பிடுங்கள், மாத்திரை போடுங்கள், தூங்குங்கள். விபஸ்ஸனா 10 நாள் முகாமுக்கு உடனே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, நல்ல இடம். ஆனால் விடிகாலை 4 மணிக்கு எழுந்து, பேச்சே இல்லாமல், நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருவதை, குடியை விட்டு மூன்று வாரம் ஆனவர் தாங்கமாட்டார். ஆறு மாசமாவது போகட்டும் என்பது என் அபிப்பிராயம்.

மாடியில் என்ன நடக்கும்

உடம்பு தெளிந்தாயிற்று, சரி. அடுத்தது ஆட்கள்.

காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கூடுகிறோம். ஏன் சனிக்கிழமை என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. சம்பளம் கைக்கு வந்ததிலிருந்து டாஸ்மாக் 10 மணிக்கு மூடுகிறவரை இருக்கிற நேரம்தான் வாரத்திலேயே நீளமானது.

செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். பாய் இருக்கும், முட்டி வலிக்காரருக்கு நாற்காலி இருக்கும். மணி வாங்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னமும் பித்தளைச் சொம்பை ஸ்பூனால்தான் தட்டுகிறோம். தட்டியதும் 20 நிமிஷம் உட்காருவது. மூக்கு நுனியில் மூச்சு போவதையும் வருவதையும் கவனித்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும், மறுபடி ஒன்றிலிருந்து. அவ்வளவுதான் பாடம். நான் முதல் நாள் நாலைத் தாண்டவில்லை. மே மாசம், கரண்ட் போய்விட்டது, வேலூர் புழுக்கம் உங்களுக்கே தெரியும், கொசு வேறு, பக்கத்து வீட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்ததும் மனசு நேராக சைடிஷுக்குப் போய் அங்கிருந்து பாருக்கே போய்விட்டது. எண்ணிக்கை தப்பிவிட்டதே என்று பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "தப்புனது தெரிஞ்சுது இல்ல? அதான்பா வேலை" என்றார். எண்ணுவது முக்கியமில்லை, மனசு நழுவிப்போனதைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் பழக்கம். அந்தப் பழக்கம் பிற்பாடு எங்கே கைகொடுக்கும் என்று கீழே வரும்.

அப்புறம் ஒருவர் ஒரு பக்கம் படிப்பார். அதன் பிறகு சுற்றிலும் ஒவ்வொருவராகப் பேசுவது. உங்கள் கதையை மட்டும் பேச வேண்டும், அடுத்தவர் பேசும்போது குறுக்கே அறிவுரை கூடாது, கேட்டது மாடியை விட்டு இறங்கக்கூடாது. பேச வரவில்லையா, "கேக்குறேன்" என்று ஒரே வார்த்தை சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒருவர் நாலு மாசம் "கேக்குறேன்" மட்டும்தான் சொன்னார். கடைசியில் டீ. காசு டப்பாவில் முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். யாராவது ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்தால் முதல் மாசக்காரர்களுக்கே முதலில் போகும், குடி விட்ட உடம்பு இனிப்புக்கு அலையும். (சர்க்கரை இருக்கிறவர்கள் கையை மடக்கிக்கொள்ளவும்.)

மதம் மாறச் சொல்வார்களா என்று கேட்காத ஆளே இல்லை. இல்லை. வட ஆற்காட்டில் புத்தர் படம் இருக்கிற வீட்டில் பக்கத்திலேயே அம்பேத்கர் படமும் இருக்கும். அவர் 1956இல் நாக்பூரில் மக்களை எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கும் முன்னால், அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் கிளை இருந்தது, நம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர் அது. அதனால் பௌத்தம் இங்கே புதுச்சரக்கு கிடையாது. இருந்தாலும் எங்கள் மாடிக்குச் சர்ச்சுக்குப் போகிறவர் வருகிறார், தொழுகை முடித்துவிட்டு ஒரு பாய் வருகிறார், நான் இன்றைக்கும் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மாடி இல்லையென்றால் இரண்டு பேர் போதும், பாயை விரித்துவிடலாம். ரெகவரி தர்மா என்று 2019இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. குடியை விட்டவர்களே நடத்துவது, புத்தகத்தை இணையத்தில் சும்மா தருகிறார்கள், வீடியோ கூட்டங்களும் உண்டு. ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் எட்டிப்பாருங்கள். தமிழிலேயே வேண்டுமென்றால் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குப் போங்கள், 1935இலிருந்து இருக்கிற இயக்கம். அங்கே நமக்கு மேலான ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது பற்றிப் பேசுவார்கள், இங்கே அது கிடையாது. எங்களில் பாதிப் பேர் இரண்டுக்கும் போகிறவர்கள்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சத்தியம் பண்ணாதீர்கள்

குழந்தை தலையில் அடித்துச் சத்தியம், கற்பூரம் அணைத்துச் சத்தியம் எல்லாம் பண்ணிப் பார்த்தவர்கள்தானே நாம். மாலை போட்டால் 48 நாள் சொட்டுக்கூடத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே கடையைத் தேடுவார். 48 நாள் இருக்க முடிந்தவருக்கு 49ஆம் நாள் ஏன் முடியவில்லை? மாலை போட்டிருக்கும்போது தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடுகிறது, கூட நாலு சாமிகள் இருக்கிறார்கள், காலையும் மாலையும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கழற்றினால் மூன்றும் ஒரே நாளில் போய்விடுகிறது. அந்த மூன்றையும் கழற்றாமல் வைத்துக்கொள்ள வழி தேடியதுதான் எங்கள் மாடி.

புத்தர் சொன்ன ஐந்து சீலங்களில், அதாவது ஒழுக்க விதிகளில், கடைசியானது நம்முடையது. பாலி மொழியில் சொல்வோம்: சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி சிக்காபதம் சமாதியாமி. நிதானம் தவறவைக்கிற கள், சாராயம், போதை இவற்றிலிருந்து விலகி இருக்கும் பயிற்சியை ஏற்கிறேன் என்று பொருள். சிக்காபதம் என்றால் பயிற்சி விதி. தினமும் காலையில் பல் விளக்கியதும் ஒரு தடவை சொல்லுங்கள், இன்றைக்கு ஒரு நாளுக்கு மட்டும். நாளைக்கு நாளை சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வேட்கை எங்கே பிறக்கிறது

இதுதான் நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிற இடம்.

மணிமேகலையில் துன்பம் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கிறது என்று பன்னிரண்டு கண்ணிகள் வரும். நமக்கு நடுவில் இருக்கிற நாலு போதும்: ஊறு (புலனில் வந்து படுவது), நுகர்வு (அதை உணர்வது), வேட்கை, பற்று. இந்த நாலையும் என் பழைய சனிக்கிழமையில் வைத்துப் பார்க்கிறேன். சம்பளக் கவர் சட்டைப் பையில். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் கடையின் டியூப்லைட் கண்ணில் படுகிறது, அது ஊறு. அதைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு இதம், நாக்கடியில் ஈரம், அது நுகர்வு. "ஒண்ணே ஒண்ணு" என்று உள்ளே ஒரு குரல், அது வேட்கை. ரோட்டைக் கடந்து கம்பிக்குள் கையை நீட்டுவது பற்று. நான் பல வருஷம் நாலாவது இடத்தில் நின்றுகொண்டு என் கையோடு மல்லுக்கட்டினேன். அங்கே ஜெயிக்கவே முடியாது. நாக்கடியில் ஈரம் ஊறும்போதே "ஓ, ஊறுது" என்று தெரிந்துவிட்டால், வேட்கை பிறப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. பாயில் உட்கார்ந்து எண்ணிக்கை தப்பியதைக் கண்டுபிடித்துப் பழகினோமே, அது இந்த ஒரு விநாடிக்காகத்தான்.

அந்த விநாடியில் என்ன செய்வது? நடந்துகொண்டே பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். நெஞ்சில் இறுக்கமா, தொண்டையில் வறட்சியா, எங்கே என்று உடம்பில் தேடுங்கள். அடக்காதீர்கள், அதோடு வாதாடவும் செய்யாதீர்கள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலைமேல் சறுக்குவதற்கு ஒப்பிட்டார். நமக்குக் கடல் ஏது, பாலாறுதான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, கரையில் நின்று பார்த்தோம், ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, இனி ஊரே போய்விடும் என்று நினைத்தோம், அப்புறம் வடிந்தது. வேட்கையும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். வடிகிறவரை ஆற்றில் இறங்கக்கூடாது. மார்லட்டின் வழியில் வளர்ந்த பயிற்சியை 2014இல் ஒரு பெரிய ஆய்வில் மற்றச் சிகிச்சைகளோடு வைத்துப் பார்த்தபோது, ஒரு வருஷம் கழித்து இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் போதையைத் தொட்ட நாட்கள் குறைவாக இருந்தன.

அதே மணிமேகலையில் சாதுவன் என்று ஒரு வியாபாரி. சூதிலும் ஒரு கணிகையிடமும் சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் உடைந்து நாகர் தீவில் கரை ஒதுங்கியதும், அவர்கள் தலைவன் ஒரு இளம்பெண்ணையும் கள்ளையும் கறியையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் வேண்டாம் என்கிறான். எங்கள் மாடியில் அவன் ரொம்பப் பிரபலம்.

மூன்று நம்பர்

புத்தரின் சீடர் ஆனந்தர் அவரிடம், நல்ல நட்பு இந்த வாழ்வில் பாதி என்று சொல்ல, அப்படிச் சொல்லாதே, முழுசும் அதுதான் என்றாராம். கல்யாண மித்திரர் என்பார்கள் அந்த நண்பரை. புதுசாக வந்த ஒரு பையன், "கல்யாணத்துல கூட்டா குடிக்கிறவனா ணா?" என்று கேட்டான். அதுக்கு நேர் எதிர், பா.

முதல் கூட்டத்திலேயே மூன்று பேர் நம்பரை வாங்குங்கள். ஒன்று வாங்கினால் அவர் அன்றைக்குத்தான் போனை எடுக்கமாட்டார். முதல் வாரம் தினமும் சும்மா போன் போடுங்கள், சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாம். சும்மா பேசிப் பழகாத நம்பருக்கு நெருக்கடியில் கை போகாது. எடுக்கிறவருக்கும் வேலை சுலபம்.

"ணா, கடை வாசல்ல நிக்கிறேன்."

"சரி. எந்தக் கடை?"

"கிரீன் சர்க்கிள்ட்ட."

"போனை வெக்காத. அப்டியே பஸ் ஸ்டாண்டு பக்கம் நட. சாப்டியா?"

பசியா, கோபமா, தனியா, களைப்பா என்று நாங்கள் முதலில் அதைத்தான் கேட்போம். முக்கால்வாசி நேரம் பசிதான். இரண்டு இட்லியில் முடிந்துபோன நெருக்கடிகள் எனக்குத் தெரியும்.

நாள்காட்டியில் ஆபத்தான நாட்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள்: மாடு விடும் விழா, வைகாசி முதல் தேதி குடியாத்தம் சிரசுத் திருவிழா, மயானக் கொள்ளை, மச்சான் கல்யாணம். சாவு வீடு மட்டும் தேதி சொல்லி வராது, அங்கே போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள், மாலை வைத்துவிட்டு அவரோடேயே திரும்பிவிடுங்கள்.

விழுந்தால்

என் இரண்டு வருஷக் கதை இதுதான். பதினொரு மாசம் குடிக்காமல் இருந்துவிட்டு ஒரு சாவு வீட்டில் ஒரு கட்டிங் போட்டேன். ஒரு கட்டிங்தான். மறுநாள் மாடிக்குப் போக வெட்கம். அந்த வெட்கத்துக்காகக் குடித்தது ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நடுவில் ஒரு தடவை எழுந்து, மூன்றாம் மாசமே மறுபடி விழுந்தேன். புத்தர் இரண்டு அம்பு என்று ஒன்று சொல்லியிருக்கிறார். முதல் அம்பு வந்து தைத்தது, அது வலி. "நானெல்லாம் ஒரு மனுஷனா" என்று நமக்கு நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. என்னைக் கவிழ்த்தது இரண்டாவதுதான். அதனால் விழுந்தால் அதே வாரம் வாருங்கள், வாசனையோடு வந்தாலும் ஓரமாக ஒரு பாய் இருக்கும். திரும்ப நாலு நாள் சேர்ந்தாற்போல் குடித்திருந்தால் பழையபடி டாக்டரிடம் போய்விட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஊசி, மாத்திரை எடுத்தவர்கள் இன்னும் ஜாக்கிரதை: சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிர் போகும்.

ஊர் உடனே நம்பாது. கொலைகாரனாக இருந்த அங்குலிமாலன் மனம் மாறிப் பிக்குவான பிறகும் தெருவில் கல்லடி பட்டு மண்டை உடைந்துதான் திரும்பி வந்தார், பொறுத்துக்கொள் என்றார் புத்தர். என் மாமியார் நான் பாத்ரூம் போய்வந்தால் வாயை மோந்து பார்ப்பதை நிறுத்த மூன்று வருஷம் ஆனது. வீட்டில் இருக்கிறவர்களும் களைத்துப்போனவர்கள்தான், அவர்களுக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, போகச் சொல்லுங்கள். பையைச் சோதிப்பதும் பாட்டிலை ஒளித்துவைப்பதும் அவர்கள் வேலை இல்லை.

முதல் சனிக்கிழமை வரும்போது ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வேலை முடித்த சட்டையோடு வரலாம், தோல் நாற்றம் எங்களுக்குப் புதுசில்லை. படி கொஞ்சம் செங்குத்து, லைட் சுவிட்ச் இடது பக்கம். போனில் எங்கள் பெயரைப் போட்டுவைத்தால் கம்பெனியில் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று தோன்றினால் "மாடி" என்று போட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். என் போனில் இப்போது பதினாலு மாடி இருக்கிறது. எது யார் என்று எனக்கே குழம்பும், எதற்குப் போட்டாலும் எடுத்துப் பேசுவார்கள்.